பார்த்து எழுதிப் பயின்ற கலை

1868-ஆம் ஆண்டில் திருவனந்தபுரம் அரண்மனைக்கு ஓர் ஐரோப்பிய ஓவியர் வந்து சேர்ந்தார். தியோடர் ஜென்சன் என்பது அவர் பெயர். உருவப்படங்களைத் தைல வர்ணத்தில் எழுதித் தருவது அவர் தொழில். அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் ஆயில்யம் திருநாள் மகாராஜா. அரண்மனையின் ஆதரவில் வளர்ந்து வந்த இருபது வயது இளைஞர் ஒருவருக்கு அத்தொழிலைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமென்று ஜென்சனிடம் கேட்கப்பட்டது. அவர் இசையவில்லை. தாம் வேலை செய்யும்போது நின்று பார்த்துக் கொள்ளலாம் என்ற அளவுக்கே இணங்கினார். இளைஞரும் நின்றார், பார்த்தார். கிளிமானூர் ரவிவர்மா ஓர் ஐரோப்பியரிடம் பெற்ற தைல வர்ணப் பாடம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

நேயர்களே, ரவிவர்மாவின் வாழ்க்கை வரலாற்றை முழுதும் எடுத்துரைப்பது இங்கு நம் நோக்கமன்று. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் பூஜை அறையிலே அவருடைய லக்ஷ்மியும் சரஸ்வதியும் அச்சுப்படங்களாக வீற்றிருக்கின்றனர். ஆகவே அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நாம் கேட்க விரும்புவது வேறொரு கேள்வி. ஆசிரியர் வாய் திறவாத இடத்தில், எழுதி முடிந்த படம் ஒன்றையே ஆசிரியராகக் கொண்டு, அதனைப் பார்த்துப் பார்த்துப் பிரதி செய்து, ஒருவர் தைல வர்ண உருவப்படக் கலையைக் கற்றுக்கொள்ள முடியுமா? முடியுமென்றால் அந்தப் படம் எதைச் சொல்லிக் கொடுக்கும்? எதைத் தன்னுள்ளே மறைத்துக்கொள்ளும்?

பிரதி செய்வது நம் நாட்டுச் சித்திரக்காரர்களுக்குப் புதிய செய்தியன்று. 1616-ஆம் ஆண்டில் ஜஹாங்கீர் பாதுஷாவின் சபை அஜ்மீரில் இருந்தது. இங்கிலாந்து அரசனின் தூதராக அங்கே தங்கியிருந்த சர் தாமஸ் ரோ, தம்மிடமிருந்த ஒரு சிறிய உருவப்படத்தைப் பாதுஷாவிடம் காட்டினார். தம் நாட்டு ஓவியத்திறனைப் பற்றி ரோவுக்குப் பெருமை அதிகம். பாதுஷாவோ, தம்முடைய ஓவியனும் அவ்வாறே எழுதிவிடுவான் என்று பந்தயம் பேசினார். சில நாட்கள் சென்றபின் ஓர் இரவில் ரோவுக்கு அழைப்பு வந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஆறு படங்கள் அவர்முன் வைக்கப்பட்டன. ஒன்று அவருடையது; மற்ற ஐந்தும் பாதுஷாவின் ஓவியன் எழுதியவை. தமது படத்தைக் கண்டுபிடிக்கச் சற்றே திண்டாட நேர்ந்ததை ரோ தம் குறிப்பேட்டில் ஒப்புக்கொண்டிருக்கிறார். முடிவில் கண்டுபிடித்தார் என்பது உண்மையே. ஆயினும் அந்தச் சிறிது நேரத் திண்டாட்டத்தைக் கண்டு பாதுஷா அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

ஆனால் ரோ கொண்டுவந்தது உள்ளங்கையில் அடங்கும் சிற்றோவியம். அதன் வர்ணமும், அதைத் தீட்டும் முறையும் மொகலாயச் சித்திரக்காரர் அறிந்தவற்றுக்கு வெகு தொலைவில் இல்லை. தைல வர்ணத்தின் கதை வேறு. 1769-இல் டில்லி கெட்டில் என்ற ஆங்கில ஓவியர் சென்னையில் வந்திறங்கி, ஆர்க்காட்டு நவாப் முகமது அலியைப் பெரிய திரைச்சீலையில் எழுதினார். பிறகு வடக்கே சென்று, 1772-இல் பைசாபாத்தில் அயோத்தி நவாப் ஷூஜா உத்தௌலாவையும் எழுதினார். அந்தப் படங்களைப் பைசாபாத்துச் சித்திரக்காரர்கள் பிரதி செய்தனர். நவாபும் அவருடைய புதல்வர்களும் நிற்கும் படத்தை நெவாசி லால் என்பவர் பிரதி செய்தது பெயருடன் அறியப்படுகிறது. அவர்கள் தைல வர்ணத்தைத் தொடவில்லை. கெட்டில் பெரிய திரைச்சீலையில் எண்ணெய் கொண்டு எழுதியதை, அவர்கள் காகிதத்தின்மேல் தாங்கள் பழகிய நீர் வர்ணத்தால் சிறிய அளவில் எழுதினர். முகச்சாயல் வந்தது, உடையும் ஆபரணமும் வந்தன, உடலின் கனமும்கூட ஓரளவு வந்தது. எண்ணெய் மட்டும் வரவில்லை. ஒரு பாஷையிலிருந்த செய்யுளை வேறொரு பாஷையில் பெயர்த்தது போன்ற வேலை அது. அழகிய பெயர்ப்புத்தான், என்றாலும் மூல பாஷையைக் கற்றதாகாது.

எண்ணெயில் அப்படி என்ன இரகசியம் என்று கேட்கலாம். நீர் வர்ணமும் பசை வர்ணமும் எழுதிய சிறிது நேரத்தில் உலர்ந்துவிடும். ஆகையால் அவற்றைக் கொண்டு எழுதுவோர் கோட்டையே நம்பினர். கோட்டுக்குள் நிறத்தைச் சமமாக நிரப்பினர். தஞ்சாவூர்ப் படத்தை நினைத்துப் பாருங்கள். பலாப்பலகை, அதன்மேல் துணி, துணியின்மேல் சுண்ணத்தூளும் கோந்தும் கலந்த பூச்சு, பிறகு கோடு, நிறம், பொன் தகடு. ஒவ்வொன்றும் தன் இடத்தில் தெளிவாக நிற்கும். தைல வர்ணமோ ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வர்ணம். அது மெல்ல உலரும். ஒரு நாளில் உலராது, சில வேளைகளில் ஒரு வாரத்திலும் உலராது. அந்த அவகாசத்தில் ஒரு நிறத்தை அடுத்த நிறத்தோடு இழைத்துக் கொண்டுபோகலாம். உலர்ந்த பின்னர் அதன்மேல் கண்ணாடி போன்ற மெல்லிய வர்ணப் படலத்தை விரிக்கலாம். அடியிலுள்ள வெளிச்சம் அதனூடே தெரியும். இப்படி அடுக்கடுக்காக வளர்வதால், கண்ணுக்குத் தெரிவது கடைசி அடுக்கு மட்டுமே. கட்டி முடிந்த வீட்டைப் பார்த்தவனுக்கு அஸ்திவாரம் தெரியாதது போல, எழுதி முடிந்த தைல வர்ணப் படத்தைப் பார்த்தவனுக்கு அதன் வரிசை தெரியாது.

இதனை நாம் ஏட்டறிவாகச் சொல்லவில்லை. பிழைப்பின் பொருட்டு வடநாட்டு நகரம் ஒன்றில் தங்கியிருந்த காலத்தில், மாலைநேரத்து ஓவிய வகுப்பு ஒன்றில் நாமும் சேர்ந்தோம். அங்கிருந்த முதிய ஆசிரியர், ஒரு பொது மண்டபத்தில் தொங்கிய முதியவர் ஒருவரின் உருவப்படத்தைப் பிரதி செய்யும்படி பணித்தார். எழுதியவர் பெயர் அதில் இல்லை. தலைப்பாகை, நரைத்த மீசை, சால்வையின் ஓரம், இடப்புறத்திலிருந்து விழும் ஒளி, அவ்வளவே. யதார்த்தமாக எழுதப்பட்ட படம். கட்டம் போட்டுக் கரிக்கோலால் உருவத்தை இறக்கியதில் குறையொன்றும் இல்லை. வர்ணம் தீட்டத் தொடங்கியபோதுதான் நம் அறியாமை ஒவ்வொன்றாக வெளிப்பட்டது.

மோவாயின் கீழே நிழல் இருந்தது. நிழல் என்றால் கருப்பு என்று எண்ணிக் கருப்பைக் கலந்தோம். முதியவர் முகத்தில் கரி பூசியது போலாயிற்று. மூலப்படத்தின் அருகே சென்று பார்த்தால், அந்த நிழலில் கருப்பே இல்லை. செங்காவியும் ஏதோ ஒரு பச்சைச் சாயலும் அங்கே இருந்தன. கண்ணின் வெண்விழிக்கு வெள்ளை வைத்தோம். அவர் எதையோ கண்டு மிரண்டவர் போல விழித்தார். மூலத்தில் வெண்விழி வெண்மையாக இல்லை. சாம்பல் நிறமாக, மேலிமையின் நிழலுக்குள் அடங்கியிருந்தது. வெள்ளை என்று ஒன்று இருந்ததெல்லாம் கருவிழியின்மேல் கடுகளவு ஒளிப்பொட்டு மட்டும். எல்லாவற்றிலும் பெரிய பாடம் ஒளிபடாத கன்னத்தில் கிடைத்தது. அந்தக் கன்னத்தின் ஓரத்தில் நாம் அழுத்தமாக ஒரு கோடு இட்டிருந்தோம். கோலத்திலும் கோயிற் சுவரிலும் கோட்டைக் கண்டு வளர்ந்த கண்ணல்லவா நம்முடையது! ஆசிரியர் நம்மை மூலப்படத்தின்முன் நிறுத்தி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அந்தக் கோட்டைக் காட்டச் சொன்னார். காட்ட முடியவில்லை. கன்னம் எங்கே முடிந்தது, பின்புறத்து இருள் எங்கே தொடங்கியது என்று சொல்ல இயலாதபடி இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்திருந்தன. ஆயினும் அங்கே கன்னம் இருக்கிறது என்பதில் ஐயமே எழவில்லை.

உயிருள்ள ஒருவரை எதிரில் உட்காரவைத்து எழுதியிருந்தால் இவற்றை நாம் கண்டிருக்க மாட்டோம். உயிருள்ள முகம் அசையும், வெளிச்சம் மாறும், பேசும், மரியாதையை எதிர்பார்க்கும். படம் பொறுமையோடு நிற்கிறது. அன்றியும், எதை எழுதலாம், எதை விடலாம் என்று நமக்கு முன் ஒருவர் தீர்மானித்து வைத்திருக்கிறார். அந்தத் தீர்மானங்களை ஒவ்வொன்றாக மீண்டும் செய்து பார்ப்பதுதான் பிரதி. நம்முடைய தவறு எங்கே என்பதை மூலம் உடனே காட்டிவிடும். அதற்காக நம்மைக் கடிந்துகொள்வதும் இல்லை.

எல்லாவற்றையும் அது சொல்லிவிட்டதா என்றால், இல்லை. நாம் பெருமையோடு முடித்த பிரதி ஓராண்டுக்குள் நெற்றியில் வெடித்தது. ஆற்று மணல் உலர்ந்து பிளந்தது போல் பிளந்தது. கீழ் அடுக்குகளில் எண்ணெய் குறைவாகவும் மேலே செல்லச் செல்ல மிகுதியாகவும் இருக்க வேண்டும் என்பது தைல வர்ணத்தின் அடிப்படை விதி. எண்ணெய் மிகுந்த அடுக்கு நெடுநாள் அசைந்துகொண்டிருக்கும்; அதன்மேல் எண்ணெய் குறைந்த அடுக்கை இட்டால், முன்னரே இறுகிய மேற்பூச்சு கீழுள்ள அசைவைத் தாங்காமல் விரியும். ஆசிரியர் சொல்லத்தான் செய்தார், நாம் அவசரப்பட்டோம். ஆனால் சொல்ல ஆளில்லாதிருந்தால் மூலப்படத்தை ஆயிரம் முறை பார்த்தும் அதனை அறிந்திருக்க முடியாது.

ஐரோப்பாவில் பிரதி செய்வது பயிற்சியின் தொடக்கத்தில் மட்டும் செய்யும் வேலையாகக் கருதப்படவில்லை. 1628-இல் ரூபன்ஸ் ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் நகருக்குத் தூதராக வந்தார். வயது ஐம்பத்தொன்று, ஐரோப்பா முழுதும் புகழ்பெற்றவர். அரசனின் சேகரிப்பில் இத்தாலிய ஓவியர் திஷியன் எழுதிய படங்கள் நிறைய இருந்தன. ரூபன்ஸ் மாணவனைப் போல அவற்றின்முன் அமர்ந்து பிரதி எழுதலானார். திஷியனின் ஆதாம் ஏவாள் படமும், ரூபன்ஸ் எழுதிய அதன் பிரதியும் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ரூபன்ஸ் ஆதாமின் நிலையைச் சற்று மாற்றியிருக்கிறார். மூலத்தில் இல்லாத ஒரு கிளியையும் மரத்திலே உட்கார வைத்திருக்கிறார். பிரதி செய்கிறவன் அடிமையாகிவிடுவான் என்று அஞ்சுவோர் அந்தக் கிளியைக் காண வேண்டும். ரூபன்ஸ் அங்கிருந்தபோது அரண்மனை ஓவியராக இருந்தவர் இருபத்தொன்பது வயது வெலாஸ்க்வெஸ். அவர் இருவரும் பழகினர்; அடுத்த ஆண்டே வெலாஸ்க்வெஸ் இத்தாலிக்குப் புறப்பட்டார்.

இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, 1879-இல், ஜான் சிங்கர் சார்ஜென்ட் என்ற இருபத்து மூன்று வயது அமெரிக்க இளைஞர் பிராடோவில் வெலாஸ்க்வெஸின் படங்களைப் பிரதி செய்தார். பாரிஸில் அவருடைய ஆசிரியராக இருந்த கரோலுஸ் துரான், வெலாஸ்க்வெஸைப் படியுங்கள் என்று மாணவர்களுக்கு ஓயாமல் உபதேசித்தவர். 1656-இல் எழுதப்பட்ட ‘லாஸ் மெனினாஸ்’ என்னும் பெரும் படத்தைச் சார்ஜென்ட் சிறிய அளவில் எழுதிப் பார்த்தார். மறு ஆண்டு ஹாலந்து நாட்டு ஹார்லெம் நகருக்குச் சென்று பிரான்ஸ் ஹால்ஸின் படங்களைப் பிரதி செய்தார். 1882-இல் அவர் எழுதிய பாய்ட் சகோதரிகளின் படத்தில், பெரிய இருண்ட அறையும் அதில் சிதறி நிற்கும் சிறுமிகளும் ‘லாஸ் மெனினாஸ்’ படத்தின் நினைவைத் தருகின்றன. ஆனால் அதனை யாரும் பிரதி என்று சொல்லார்.

பாரிஸில் லூவர் அரண்மனை 1793-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது, வாரத்தில் சில நாட்கள் ஓவியர்கள் வந்து பிரதி செய்வதற்கென்றே ஒதுக்கப்பட்டன. இன்றும் அனுமதி பெற்று அங்கே பிரதி எழுதுகிறார்கள். மூலத்தின் அளவிலேயே எழுதலாகாது, ஓவியரின் கையெழுத்தைப் போடலாகாது என்பவை அங்குள்ள விதிகள். பொய்ப்படம் விற்பதைத் தடுக்க அவ்விதிகள். கற்பவனைத் தடுக்க அல்ல.

இப்போது திருவனந்தபுரத்துக்குத் திரும்புவோம். அங்கே லூவர் இல்லை, பிராடோ இல்லை, திறந்த கதவு என்று ஒன்றுமே இல்லை.

ரவிவர்மா 1848-இல் கிளிமானூரில் பிறந்தவர். அவருடைய தாய்மாமன் ராஜராஜவர்மா தஞ்சாவூர்ப் பாணியில் சித்திரம் எழுதப் பழகியவர். அந்த மாமனுக்குக் கற்பித்தவர் அழகிரி நாயுடு என்ற மதுரைக்காரர். சுவாதித் திருநாள் மகாராஜாவின் சபையில் ஓவியராக இருந்தவர். மருமகனின் கைத்திறனைக் கண்டுகொண்ட மாமன், 1862-இல் பதினான்கு வயதுப் பையனைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே அரண்மனை ஓவியராக விளங்கியவர் ராமசாமி நாயக்கர். நாயுடு என்றும் அவரைக் குறிப்பர். அவரும் மதுரையைச் சேர்ந்தவரே. தைல வர்ணத்தில் எழுதும் வித்தை அந்தச் சமஸ்தானத்தில் அவர் கையில்தான் இருந்தது. ரவிவர்மாவின் வரலாற்றை எழுதியோர் கூறுவது இது: பையனின் திறமையைக் கண்ட நாயக்கர் அவனைப் போட்டியாகக் கருதினார், தைல வர்ணத்தைச் சொல்லிக் கொடுக்க மறுத்துவிட்டார். அவரிடம் தொழில் பழகிய ஆறுமுகம் பிள்ளை என்பவர், ஆசிரியருக்குத் தெரியாமல் தாம் அறிந்ததைச் சிறிது சொல்லிக் கொடுத்தார்.

இந்தக் கதையில் நாயக்கரைப் பொறாமைக்காரர் என்று சொல்லிவிட்டு மேலே செல்வது எளிது. பலரும் அவ்வாறே சென்றிருக்கிறார்கள். நமக்கு அது அவ்வளவு எளிதாகப் படவில்லை. நாயக்கர் பிற சமஸ்தானத்தில் பிழைக்க வந்த மனிதர். அங்கே அவருக்கு நிலமில்லை, குலப்பெருமை துணைநின்றதில்லை, மன்னர் குடும்பத்துடன் உறவில்லை. கிளிமானூர்க் குடும்பத்துப் பையனுக்கோ இவையெல்லாம் இருந்தன. நாயக்கரிடம் இருந்தது ஒரு வித்தை. அதனைக் கொடுத்துவிட்டால் அவருக்கு மிஞ்சுவது என்ன? வேற்றூரில் கைத்தொழிலை மட்டும் முதலாக வைத்துக் குடித்தனம் நடத்தும் நம் நேயர்களில் பலருக்கு இந்த அச்சம் விளங்காமற் போகாது. ஜென்சனும் அதே நிலையில் இருந்தவர்தான். கடல் கடந்து வந்து, படத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி வாழ்ந்தவர். தம் தொழிலை ஓர் அரச குடும்பத்து இளைஞனுக்கு இலவசமாக ஒப்படைக்க அவர் விரும்பாததில் வியப்பில்லை. மறுத்ததைச் சரியென்று நாம் சொல்லவில்லை. ஆனால் வித்தையை ஒளித்தவர்களும் பயந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆறுமுகம் பிள்ளையின் துணிவு அப்போதுதான் நமக்குப் பெரிதாகத் தெரிகிறது. நாயக்கரைப் போலவே தொழிலை நம்பி வாழ்ந்த அவருக்குத்தான் இழப்பதற்கு அதிகம் இருந்தது.

அக்காலத்தில் தைல வர்ணம் வெப்ப நாடுகளுக்கு வந்து சேர்வதே அண்மையில் எளிதாகியிருந்தது. 1841-இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் மடக்கக்கூடிய தகரக் குழாயைக் கண்டுபிடித்தார். அதற்கு முன் குழைத்த வர்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்தனர். அது விரைவில் கெடும், வெடிக்கும். குழாய் வந்த பிறகு வர்ணம் கப்பலேறிப் பல மாதங்கள் கெடாமல் இருந்தது. வர்ணம் இவ்வாறு கடல் கடந்துவிட்டது. வரிசை கடக்கவில்லை. எந்த அடுக்கை முதலில் இடுவது, எவ்வளவு எண்ணெய், எத்தனை நாள் காத்திருப்பது என்பவை குழாயின்மேல் அச்சிட்டு வரவில்லையே!

ரவிவர்மாவுக்குக் கிடைத்த மூலங்களும் முழுமையானவை அல்ல. ஐரோப்பியப் படங்களின் அச்சுப் பிரதிகளை அவர் ஆர்வத்தோடு பார்த்துப் பயின்றார். அச்சுப் படத்தில் நிற்கும் முறை உண்டு; ஒளி விழும் திசை உண்டு; துணியின் மடிப்பும் உண்டு. தைலம் இல்லை. தூரிகையின் தடம் இல்லை. சார்ஜென்ட் பிராடோவில் ஓர் அடி தூரத்தில் நின்று வெலாஸ்க்வெஸின் தூரிகைத் தடத்தை எண்ணிப் பார்க்க முடிந்தது. அதற்குப் பதினோர் ஆண்டுகள் முன்னரே தைல வர்ணத்தில் இறங்கிய ரவிவர்மாவுக்கு அந்த வசதி கிட்டவில்லை. ஆகவே ஜென்சன் எழுதுவதை நின்று பார்த்த நாட்களை நாம் குறைவாக மதிப்பிடலாகாது. அச்சுப் படங்களையும் முடிந்த படங்களையும் பார்த்து அறிய முடியாத ஒன்றை, அதாவது ஒரு முகம் எந்த வரிசையில் எழும்புகிறது என்பதை, அந்த நாட்கள் அவருக்குக் காட்டின. ஜென்சன் பேசாமல் இருக்கலாம். அவர் கை பேசாமல் இருக்க முடியுமா? எந்த வர்ணத்தை முதலில் எடுத்தது, எந்த இடத்தை ஈரமாக விட்டுவிட்டு எழுந்து போனது, மறுநாள் எங்கிருந்து தொடங்கியது எல்லாம் பார்ப்பவன் கண்முன் நடந்தன. பார்த்ததைத் தன் இடத்துக்குச் சென்று செய்து பார்த்துத் தவறித் திருத்தித்தான் அவர் தேறியிருக்க வேண்டும். அதுவும் ஒருவகைப் பிரதியே. படத்தைப் பார்த்து எழுதிய பிரதியன்று, வேலையைப் பார்த்துச் செய்த பிரதி.

பயன் விரைவில் தெரிந்தது. 1870-இல் கோழிக்கோட்டில் நீதிபதியாக இருந்த கிழக்கே பாலாட்டு கிருஷ்ண மேனோனின் குடும்பத்தை அவர் எழுதினார். கூலி பெற்று எழுதிய முதற்படம் என்று அதனைக் குறிப்பிடுவர். 1873-இல் சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சியில், கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் நாயர் பெண்ணின் படம் கவர்னரின் தங்கப் பதக்கத்தைப் பெற்றது. அதே ஆண்டில் வியன்னாக் கண்காட்சியிலும் அது பாராட்டப்பட்டது. 1874-இல் சென்னைக்கு அவர் அனுப்பிய படத்தில், ஸ்வரபத் என்னும் நரம்புக் கருவியை மீட்டும் தமிழ்ப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அடுத்து இந்தியாவுக்கு வந்த வேல்ஸ் இளவரசருக்கு அப்படம் அன்பளிப்பாக அளிக்கப்பட்டது. ஜென்சன் திருவனந்தபுரம் வந்துபோய் ஆறே ஆண்டுகள்! 1881-இல் அவரைப் பரோடாவுக்கு அழைத்தவர் அங்கே திவானாக இருந்த சர் தி. மாதவராவ், கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூரில் திவானாக இருந்து, பின் பரோடா சென்றவர். வேற்றூரில் வாழ்ந்த ஒருவர் வழியாகவே அந்த ஓவியத்துக்கும் வேற்றூர் வாசல் திறந்தது.

இவ்வகைக் கல்வியை இகழ்ந்தவர்களும் உண்டு. சென்னைக் கலைப்பள்ளியில் பணியாற்றிவிட்டு 1896-இல் கல்கத்தாக் கலைப்பள்ளிக்குத் தலைவராகச் சென்ற ஹேவல், ஐரோப்பியப் படங்களைப் பிரதி செய்து கற்பது இந்திய மாணவனின் கண்ணைக் கெடுக்கும் என்று கருதினார்; அங்கிருந்த ஐரோப்பியப் படங்களை அகற்றினார். அதை எதிர்த்துக் கிளர்ந்தவர்கள் வங்காள மாணவர்களே. ஹேவலின் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ரவிவர்மாவின் சில தெய்வ உருவங்கள் நாடக மேடையில் நிற்பவை போல் தோன்றுவதற்கு அந்த அச்சுப் படங்களே காரணம் என்று நாமும் எண்ணுகிறோம். ஆனால் ஹேவல் வழி வந்தவர்கள் பிரதி செய்யாமலா கற்றார்கள்? 1909 முதல் 1911 வரை லேடி ஹெரிங்ஹாம் அஜந்தாவில் பிரதி எடுத்தபோது, அவருக்கு உதவியாகச் சுவர்முன் நின்று எழுதியவர்கள் நந்தலால் போஸ், அசித் குமார் ஹால்தார், மைசூரைச் சேர்ந்த வெங்கடப்பா முதலியோர். அவர்களுக்கு முன்னரே, 1844-இல், சென்னைப் படையைச் சேர்ந்த ராபர்ட் கில் என்ற அதிகாரி அஜந்தாச் சுவர்களைத் தைல வர்ணத்தில் பிரதி செய்ய நியமிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் அங்கேயே உழைத்தார். அவர் எழுதியவற்றுள் பெரும்பாலானவை 1866-இல் லண்டன் பளிங்கு மாளிகையில் தீக்கிரையாயின. அந்த மனிதரின் உழைப்பை நினைக்கும்போதெல்லாம் நம் நெஞ்சு கனக்கிறது. எதைப் பிரதி செய்வது என்பதில்தான் இரு சாராருக்கும் வழக்கு.

தாம் வாயில் கேட்டு நின்ற நாட்களை ரவிவர்மா மறக்கவில்லை போலும். அவருடைய தம்பி ராஜராஜவர்மாவும் தங்கை மங்களாபாய் தம்புராட்டியும் தைல வர்ணத்தில் எழுதினர். தம்பி தமையனோடு கூடவே ஊர் ஊராகச் சென்று, பெரிய படங்களில் நிலக்காட்சிகளையும் பின்னணியையும் எழுதித் துணைநின்றார். அந்த நாட்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நாட்குறிப்பும் எழுதி வைத்தார். மகன் ராமவர்மா பம்பாய் ஜே. ஜே. கலைப்பள்ளியில் சேர்ந்து பயின்றார்.

நேயர்களில் மைசூரில் இருப்போர் ஜகன்மோகன அரண்மனைக்கும், வதோதராவில் இருப்போர் லக்ஷ்மி விலாச அரண்மனைக்கும், தில்லியில் இருப்போர் தேசிய நவீன ஓவியக்கூடத்துக்கும் சென்று ரவிவர்மாவின் மூலப்படங்களைக் காணலாம். திருவனந்தபுரத்தில் ஓர் ஓவியக்கூடமும், விடுமுறைக்குச் சென்னை வருவோருக்கு எழும்பூர் அருங்காட்சியகமும் இருக்கின்றன. காலண்டர்ப் படத்தைக் கண்ட கண்ணோடு போக வேண்டாம். முதலில் நான்கடி தள்ளி நின்று முகத்தைப் பாருங்கள். பிறகு காவலர் அனுமதிக்கும் அளவுக்கு நெருங்கி, ஒளி விழாத பக்கத்துக் கன்னத்தின் ஓரத்தை மட்டும் பாருங்கள். அங்கே கோடு இருக்கிறதா என்று தேடுங்கள்.